சிறுநீரகத்துக்குக் கவசம் என்று எழுதித் தரப்பட்ட மாத்திரை: ஒரு மதிப்புரை

என் அப்பாவுக்கு மூன்று மாதங்களுக்கு என்று எழுதித் தரப்பட்ட ஒரு மாத்திரையைப் பற்றியது இந்த மதிப்புரை. டாரின் 500 மில்லிகிராம், அசிட்டைல்சிஸ்டீன் 150 மில்லிகிராம் ஆகிய இரண்டும் சேர்ந்த இந்தக் கூட்டு மருந்து பல நிறுவனங்களின் பெயர்களில் விற்கப்படுகிறது. இரத்த ஓட்டம் குறைந்ததால் அடிபட்ட சிறுநீரகத்தை மேலும் சேதமாகாமல் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது செல்களை அரிக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கும் பொருள் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். நாங்கள் வாங்கிய மாத்திரையின் பெயரையோ, எழுதித் தந்த மருத்துவமனையின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. என் கேள்வி அவர்களைப் பற்றியதன்று, மருந்தைப் பற்றியது. நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மருத்துவர் அல்லள். ஆனால் அந்த அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த இரண்டு பெயர்களும் எனக்கு வகுப்பறையில் பழக்கமானவை என்பதால், அவை அப்பாவின் உடலுக்குள் என்ன செய்யும் என்று தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. இரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்டன் 40, நீர் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். போன மே மாதம் ஒரு விருந்துக்குப் போய்வந்த இரவில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரோடு சமாளித்திருக்கிறார். அதே நாட்களில் முழங்கால் வலிக்கு என்று ஒரு கடையில் 'செட் மாத்திரை' வாங்கி, காலையும் மாலையும் போட்டிருக்கிறார். அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக் எனும் வலி மாத்திரை இருந்தது. பிரஷர் மாத்திரையையும் நாள் தவறாமல் விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசும்போதுதான், "ஒண்ணுக்கே சரியா வரமாட்டேங்குது கண்ணு" என்று சாதாரணமாகச் சொன்னார். தம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி அவரைச் சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; அது தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும்) 3.1, பொட்டாசியம் 5.7. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவருடைய கிரியாட்டினின் 1.2.

மருத்துவமனையில் அவருக்குச் செய்தது மிகவும் எளிய வைத்தியம். வலி மாத்திரையை நிறுத்தினார்கள், பிரஷர் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள், சலைன் ஏற்றினார்கள், சிறுநீரை மணிக்கணக்கில் அளந்தார்கள். பார்க்க வந்த உறவினர்கள் கொண்டுவந்த இளநீரையும் ஏற்காட்டு ஆரஞ்சையும் பொட்டாசியம் இறங்கும்வரை தரக் கூடாது என்று செவிலியர் எடுத்து மேசைக்கடியில் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் மாலையில் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. ஆறாம் நாள் கிரியாட்டினின் 1.9 என்று இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில்தான் இந்த மாத்திரை இடம்பெற்றிருந்தது: நாளைக்கு இரண்டு, மூன்று மாதம்.

மாத்திரை நீளமானது, பருமனும் அதிகம். தொண்டை வறண்ட முதியவருக்கு விழுங்குவது சிரமம். அட்டையைப் பிரித்ததும் லேசாக அழுகிய முட்டையின் வாடை வரும். கெட்டுப்போன மாத்திரை என்று அம்மா பதறிவிட்டார். அது கெட்டதன் அடையாளம் அன்று, அசிட்டைல்சிஸ்டீனில் இருக்கும் கந்தகத்தின் வாடை. அப்பாவுக்கு முதல் வாரம் புளித்த ஏப்பமும் குமட்டலும் இருந்தன. சாப்பாட்டுக்குப் பின் கொடுத்ததும் குறைந்தன. ஒரு மாத்திரை ஏறத்தாழ 20 ரூபாய். மூன்று மாதத்துக்கு 180 மாத்திரை, 3600 ரூபாய். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் இது சிறிய தொகை அன்று.

இனி, இந்த மருந்துக்குப் பின்னால் இருக்கும் கருத்து. அது அழகான கருத்து என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவில்தான் இருக்கும். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவு, அவற்றின் வழியாகத்தான் ஓடுகிறது. இத்தனை இரத்தம் ஓடியும் மெடுல்லா எனப்படும் உட்பகுதி எப்போதும் மூச்சுத் திணறும் நிலையில்தான் இருக்கிறது. வெளிப்பகுதியில் ஆக்சிஜனின் அழுத்தம் 50 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் உட்பகுதியில் 10 முதல் 20 வரைதான். உப்பை மீட்டெடுக்கும் கடுமையான வேலை அங்கேதான் நடக்கிறது. ஆகவே இரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் அடிபடுபவை அங்கிருக்கும் நுண்குழாய்ச் செல்கள்.

ஓட்டம் குறையும்போது அந்தச் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. எனும் மூலக்கூறு சிதைந்து, படிப்படியாக ஹைப்போசாந்தீன் எனும் பொருளாகத் தேங்குகிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவில் சக்சினேட் எனும் இடைப்பொருள் தேங்குகிறது. பிறகு இரத்தம் திரும்பி வரும்போது, கூடவே வரும் ஆக்சிஜன் இந்தத் தேக்கத்தின் மீது பாய்ந்து சூப்பராக்சைடு எனும் தீவிரமான மூலக்கூறுகளைப் பெருமளவில் உண்டாக்குகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு; அதனோடு இரும்பு சேர்ந்தால் ஹைட்ராக்சில். அவை செல்லின் சவ்வுகளையும் புரதங்களையும் அரிக்கின்றன. பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று விருந்து வைத்தால் உடம்பு தாங்காது என்பார்களே, ஏறக்குறைய அதே கதை. 1984இல் எலிகளின் சிறுநீரகத் தமனியை 60 நிமிடம் அடைத்துத் திறந்த ஆய்வாளர்கள், சூப்பராக்சைடை அகற்றும் நொதியையும், அது உண்டாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்தையும் கொடுத்த எலிகளின் சிறுநீரகங்கள் மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்ததைக் கண்டார்கள். அங்கிருந்து தொடங்கிய நம்பிக்கைதான் நாற்பது ஆண்டுகள் கடந்து எங்கள் சீட்டில் வந்து நின்றது.

அசிட்டைல்சிஸ்டீன் இந்த வேலைக்குப் பொருத்தமானவனாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. செல் தனக்குத் தானே தயாரித்துக்கொள்ளும் குளூட்டாதயோன் எனும் காவல் மூலக்கூறுக்கு வேண்டிய சிஸ்டீனை அது தருகிறது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரலைக் காப்பாற்றும் மாற்று மருந்தாக 1970களிலிருந்து இது உயிர்களைக் காத்து வருகிறது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கைவிடாத மருந்து. அந்தச் சிறப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே நரம்பு வழியாக ஏற்றும் அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மொத்தம் 300 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள அப்பாவுக்கு என்றால் 18 கிராம், ஒரே நாளுக்குள். எங்கள் மாத்திரையில் ஒரு நாளைக்குக் கிடைப்பது 300 மில்லிகிராம். அதிலும் வாய்வழியாகப் போகும் அசிட்டைல்சிஸ்டீனில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இரத்தத்தை எட்டுவதில்லை, குடலும் கல்லீரலும் வழியிலேயே மாற்றிவிடுகின்றன. டாரினைப் பற்றியும் ஒரு வேதியியல் செய்தி: அதிலிருக்கும் கந்தகம் ஏற்கெனவே முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தது. வெள்ளையணுக்கள் உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைப் பிடித்துக் கட்டும் ஆற்றல் அதற்கு உண்டே தவிர, எலக்ட்ரானைக் கொடுத்துச் சூப்பராக்சைடைத் தணிக்க அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

மனிதர்களில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. ஆஞ்சியோகிராம், சி.டி. ஸ்கேன் ஆகியவற்றுக்காகச் செலுத்தும் சாயம், மெடுல்லாவின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மேலே சொன்ன அதே வகைச் சேதத்தை உண்டாக்கக்கூடியது. சாயம் எப்போது ஏறும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க அதைவிட வசதியான களம் இல்லை. 2000ஆம் ஆண்டில் 83 நோயாளிகளிடம் செய்த சோதனையில், அசிட்டைல்சிஸ்டீன் எடுத்த 41 பேரில் ஒருவருக்குத்தான் கிரியாட்டினின் ஏறியது. எடுக்காத 42 பேரில் ஒன்பது பேருக்கு ஏறியது. இந்த ஒரு முடிவைப் பார்த்துவிட்டு உலகெங்கும் மருத்துவர்கள் இதை எழுதத் தொடங்கினார்கள். மலிவு, தீங்கு குறைவு, கொடுத்தால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடியதுதான். பிறகு 2011இல் பிரேசிலில் 2308 பேரிடம் பெரிய சோதனை நடந்தது. மருந்து எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் சரியாக 12.7 விழுக்காட்டினருக்கே பாதிப்பு. 2018இல் ஏறத்தாழ 5000 பேரிடம் நடந்த சோதனையில், மரணமோ டயாலிசிஸோ நிலைத்த பாதிப்போ நேர்ந்தவர்கள் மருந்துப் பிரிவில் 4.6 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 4.5 விழுக்காடு. இந்த இரண்டு சோதனைகளிலும் நாளொன்றுக்குக் கொடுத்த அளவு 2400 மில்லிகிராம். எங்கள் மாத்திரையின் அளவு அதில் எட்டில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முடித்தபோது இரவு பதினொரு மணி. அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு மடங்கு கொடுத்தும் காக்காத மருந்தை, அளவைக் குறைத்து, நாட்களை நீட்டிக் கொடுத்தால் எப்படிக் காக்கும் என்ற கேள்விக்கு என்னால் விடை காண முடியவில்லை.

எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு நேரம் ஒரு பெரிய காரணம். எலிக்கு எந்த நிமிடத்தில் தமனி அடைபடும், எந்த நிமிடத்தில் திறக்கும் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். மருந்து முன்கூட்டியே இரத்தத்தில் காத்திருக்கும். சூப்பராக்சைடு பொங்கி எழுவது இரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களில். கிரியாட்டினின் ஏறி நம் கண்ணுக்குத் தெரிவதற்கோ ஒரு நாள், இரண்டு நாள் ஆகிவிடுகிறது. அப்பா மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே அந்த நிமிடங்கள் கடந்துவிட்டன. வீட்டுக்கு வந்தபின் தொடங்கும் மாத்திரை வெள்ளம் வடிந்த பிறகு போடும் கரை. சாயச் சோதனையில் நேரம் முன்பே தெரிந்தும் பயன் கிடைக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். சூப்பராக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் மட்டுமே குற்றவாளிகள் அல்ல, வீக்கமும் நுண்குழாய் அடைப்பும் எனப் பல கைகள் அந்தச் சேதத்தில் இருக்கின்றன. சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2012லேயே, இரத்த அழுத்தம் இறங்கிய தீவிர நோயாளிகளுக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் சிறுநீரகத்தைக் காக்க அசிட்டைல்சிஸ்டீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மாத்திரை வாங்கிய கடையில் இன்னொன்றையும் எடுத்து வைத்தார்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், செலீனியம் எல்லாம் அடங்கிய கேப்சூல், சீட்டில் இல்லாதது. "டீச்சர், இதையும் சேர்த்துக் குடுங்க, கிட்னிக்கு டபுள் கவசம்" என்றார் கடையில் இருந்த தம்பி. அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் வாங்கவில்லை. வைட்டமின் சி அளவுக்கு மிஞ்சினால் உடலில் ஆக்சலேட்டாக மாறும். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தில் அது படிகமாகப் படியக்கூடும். 2022இல் கிருமித் தொற்று இரத்தத்தில் பரவிய 872 பேரிடம் நரம்பு வழியாக அதிக அளவு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தபோது, மரணமோ உறுப்புச் செயலிழப்போ நேர்ந்தவர்கள் 44.5 விழுக்காடு; கொடுக்காதவர்களில் 38.5. கேப்சூலின் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது என்பது உண்மை. ஆனால் ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நன்மைதான், கெடுதல் வராது என்ற நினைப்புக்கு அந்த எண்கள் இடம் தரவில்லை.

மாத்திரையின் விலையைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. ஒரு பக்கம் முழுவதும் அச்சிட்ட அந்தச் சீட்டில் கவச மாத்திரையின் பெயர் இருந்தது. அப்பாவின் சிறுநீரகம் ஏன் அடிபட்டது என்பதற்கு ஒரு வரி இல்லை. அதை நானேதான் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் விளக்கினார். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஓர் உள்மடை, ஒரு வெளிமடை. வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது உடம்பு உள்மடையை அகலத் திறந்து, வெளிமடையைக் குறுக்கி, வயலில் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கும், நீர் பிரிக்கும் மாத்திரையும் வாய்க்காலை வற்றவைத்தன. உள்மடையைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டினை டைக்ளோஃபெனாக் தடுத்தது. வெளிமடையைக் குறுக்கும் ஆஞ்சியோடென்சினை டெல்மிசார்டன் தடுத்தது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தபோது தற்காத்துக்கொள்ள உடம்பிடம் வழி எதுவும் இல்லாமல் போயிற்று. தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் தண்ணீர் கட்டிய அப்பா, இதைக் கேட்டதும், "அப்ப நானே மூணு மடையையும் மாத்தி வெச்சிருக்கேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதும்போது என் மாணவர்களின் பெற்றோர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அம்மாபேட்டையில் நாள் முழுவதும் தறியில் உட்கார்ந்து இடுப்பு வலிக்குச் செட் மாத்திரை போடுகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையின் அனலில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் வேலை செய்கிறவர்கள். இவர்களில் பலர் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர்கள். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் அவர்களுடைய சிறுநீரகத்தைக் காக்கக்கூடியது எது என்று என்னைக் கேட்டால், 21 கிராம் எடையுள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத்தான் சொல்வேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் போடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ தொடங்கிய அன்றே, இந்த வகைப் பிரஷர் மாத்திரையை அந்த நாட்களில் நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது. கடையில் செட் மாத்திரை வாங்கும்போது அதில் வலி மாத்திரை எது என்று கேட்டு, சிறுநீரகத்தில் குறை இருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றிய என் தீர்ப்பு இது. தயாரிப்பில் குறை இல்லை. சொன்ன அளவில் சொன்ன மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். சளியைக் கரைக்க அசிட்டைல்சிஸ்டீன் எடுப்பவர்களுக்கும், பாராசிட்டமால் நஞ்சுக்கு மருத்துவமனையில் எடுப்பவர்களுக்கும் நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. ஆனால் இரத்த ஓட்டம் குறைந்து அடிபட்ட சிறுநீரகத்துக்குக் கவசம் என்று இதை விற்பதற்கு, மனிதர்களில் நடந்த பெரிய சோதனைகள் துணை நிற்கவில்லை. 3600 ரூபாய்க்கு வீட்டில் ஓர் இரத்த அழுத்தமானி வாங்கி, மிச்சத்தில் ஓராண்டுக்குக் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன், விழுங்குவதால் பெரிய தீங்கு நேரவில்லை என்பதற்காக.

நானாக நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் முடிந்து சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போனபோது, என் தாளையும் கூடவே எடுத்துப் போனேன். அவர் பொறுமையாகப் படித்தார். அப்பாவின் கிரியாட்டினின் அன்று 1.3, பொட்டாசியம் 4.4. "இது மாத்திரையால் வந்ததில்லை அம்மா, சலைனாலும் வலி மாத்திரையை நிறுத்தியதாலும் வந்தது" என்று சொல்லி, சீட்டில் அந்த வரியை அடித்தார். பிரஷர் மாத்திரையை, நீர் பிரிக்கும் மருந்து சேராத வகையாக, குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் தேவைப்பட்டால் அளவோடு பாராசிட்டமாலும் எழுதினார். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை. வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று மருத்துவமனையின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் கையிலேயே கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டை நாகலூர் வீட்டில் மாத்திரை டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.